முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம், பிள்ளைக்கோ ஓயாத அசதி: டானிக் கொடுக்கலாமா?

நாலாம் வகுப்பு படிக்கும் ஒன்பது வயது மகள், காலையில் உலுக்கினாலும் எழுவதில்லை. சாயங்காலம் நாலரைக்கு வேனில் இருந்து இறங்கியதும் பையை வீசிவிட்டு ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகிறாள். டியூஷனில் நோட்டின் மேலேயே தலை சாய்ந்துவிடுகிறது. முழுப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான், என்ன டானிக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி இதைச் சோம்பேறித்தனம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டானிக்கின் பெயரைவிட உங்களுக்குத் தெரிய வேண்டியவை வேறு இரண்டு என்று நினைக்கிறேன்: இது வருஷக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் களைப்பா, உள்ளே ஏதாவது நோயா? களைப்புதான் என்றால் பரீட்சையையும் விடாமல் பிள்ளையையும் வாட்டாமல் இந்த மூன்று வாரத்தை எப்படிக் கடத்துவது? அந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்கிறேன். டானிக்கைப் பற்றி நடுவில் வரும்.

முதலில் கணக்கு. வேன் ஏழு மணிக்கு, எழுப்புவது ஐந்தே முக்காலுக்கு, தூங்கப்போவது பத்தேகால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏழரை மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. மருத்துவர்கள் பரவலாக அதைத்தான் அளவாக வைத்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்சமான ஒன்பதையே எடுத்துக்கொண்டாலும் தினமும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணி நேரம், அதாவது வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்ததற்குச் சமம். ஜனவரியில் இருந்து ரிவிஷன் டெஸ்ட், ஆண்டு விழா ரிகர்சல், சனிக்கிழமை வகுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். மார்ச்சில் பிள்ளை துவளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாட்டி சொல்வதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பெரியவர்கள் தூக்கம் போதாவிட்டால் கொட்டாவி விட்டு ஓரமாகச் சாய்ந்துவிடுவார்கள். பல பிள்ளைகளிடம் அது நேர்மாறாக வெளிப்படும். ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், சிடுசிடுப்பார்கள், தங்கச்சியோடு மல்லுக்கு நிற்பார்கள், ராத்திரி ஒன்பதரைக்குக் கட்டில்மேல் குதிப்பார்கள். "இவளுக்கா தூக்கம்?" என்று நமக்குத் தோன்றும். பள்ளியில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குபவள் வீட்டு வாசலில் உடைந்து அழுவதும் இதே சேர்மானம்தான்: பகல் முழுக்க அடக்கி வைத்தது, பசி, அசதி. பகலில் அடக்கியதுதான் வீட்டில் வெடிக்கிறது என்ற விளக்கம் எந்த அளவுக்கு நிரூபணமானது என்றால், பெரிதாக இல்லை. ஆனால் அந்த நேரத்தில் சாப்பிட வைத்து, கேள்வி கேட்காமல் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்பது ஒரு வாரம் செய்து பார்த்தாலே தெரியும்.

ஆகவே முதல் வேலை படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவருவது. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பத்தேகாலுக்குப் பழகிய பிள்ளையை இன்று எட்டரைக்குப் படுக்க வைத்தால் கண் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும். அது அடம் இல்லை. வழக்கமான தூக்க நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரம்தான் நாளிலேயே உடல் மிக விழிப்பாக இருக்கும் நேரம். உடல் கடிகாரத்தின் அமைப்பே அப்படி. அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் மட்டும் நகர்த்துங்கள். பத்தே காலில் இருந்து பத்து, ஒன்பதே முக்கால், ஒன்பதரை என்று போனால் பத்து நாளில் ஒன்பதுக்கு வந்துவிடலாம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருப்பதால் இதற்கு நேரம் இருக்கிறது. படுக்கையை நகர்த்தினால் போதாது, ராத்திரிச் சாப்பாடும் நகர வேண்டும். ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்கே தூங்க முடியாது. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குக் குளியல், எட்டரையில் இருந்து ஹாலில் ட்யூப்லைட்டை அணைத்துச் சின்ன விளக்கு. வீட்டில் எட்டரை மணி சீரியல் ஓடினால் இது எதுவும் நடக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதவை மூடினாலும் பின்னணி இசை கேட்கும், பிள்ளையின் காது அங்கேதான் இருக்கும்.

மார்ச், ஏப்ரலில் நம் ஊரில் இன்னொரு தொந்தரவு உண்டு. தூங்குவதற்கு உடலின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடுகிற அளவுக்கு இருக்கும். காலையிலேயே இரண்டு பக்கெட் பிடித்து நிழலில் வைத்துவிட்டால் ராத்திரி அது வெதுவெதுப்பாகவோ சற்றுக் குளிர்ச்சியாகவோ இருக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அதில் குளிக்க வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அது உலுக்கி எழுப்பிவிடும். ரெக்சின் உறை போட்ட மெத்தை என்றால் அதன்மேல் பருத்தி விரிப்பை இரண்டாக மடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கோரைப்பாயே மேல்.

விடியற்காலையில் எழுப்பிப் படிக்க வைப்பது நல்லது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. எட்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளையை ஐந்துக்கு எழுப்பினால் ஒன்பது மணி நேரம் ஆகிவிடுகிறது, தப்பில்லை. பத்துக்குத் தூங்கியவளை நாலரைக்கு எழுப்புவது வேறு கதை. கனவுகள் நிறைந்த தூக்கம் ராத்திரியின் கடைசிப் பகுதியில்தான் அதிகம், நாலரை அலாரம் வெட்டுவது சரியாக அதைத்தான். பள்ளிப் பாடம் மனத்தில் தங்குவதில் அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக என்ன பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. மொத்தத் தூக்கம் குறைந்தால் கவனமும் நினைவும் குறையும் என்பதில் விவாதம் இல்லை.

அடுத்து சாப்பாடு, தண்ணீர். இங்கே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இரண்டு நாள், பையைத் திறந்து என்ன திரும்பி வருகிறது என்று மட்டும் பாருங்கள். திட்டாமல், கேட்காமல். தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நிறைந்தபடியே வந்தால் பகல் முழுக்கப் பிள்ளை ஏறக்குறைய எதுவும் குடிக்கவில்லை. மூன்று மணிக்குத் தலைவலி, மந்தம், எரிச்சல் எல்லாம் அதிலிருந்தே வரலாம். ஏன் குடிக்கவில்லை என்று பார்த்தால் பெண் பிள்ளைகளில் பலருக்குக் காரணம் கழிப்பறைதான். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம், இன்டர்வெல் பத்து நிமிஷத்தில் நீள வரிசை. போகாமல் இருப்பதற்காகவே குடிக்காமல் இருப்பார்கள். இதைக் கேட்டால்தான் சொல்வார்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். வகுப்பு நடக்கும்போதே தோழியோடு போய்வர அனுமதி கேட்டு வகுப்பு ஆசிரியருக்கு டைரியில் இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 750 மில்லி பாட்டிலில் இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டி, முதல் பேண்ட் வரை காலை இன்டர்வெல்லுக்குள், இரண்டாவது வரை மதியச் சாப்பாட்டுக்குள், மீதி வேன் ஏறுவதற்குள் என்று விட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை அதை விளையாட்டாகவே செய்யும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாள். குளுக்கோஸ் பவுடர் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கான மருந்து, தினசரிப் பானம் அல்ல.

காலை ஆறரை மணிக்கு எந்தப் பிள்ளைக்கும் பசிக்காது. மூன்று இட்லியைத் திணித்தால் வேனில் குமட்டும். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியும் பாதி வாழைப்பழமும் போதும், ஆனால் பத்தரை மணி ஸ்நாக்ஸ் டப்பாவைப் பெரிதாக்குங்கள்: அவித்த முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், கடலைமிட்டாய், இப்படி ஏதாவது. பிஸ்கட் வைத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதால்தான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. வேனில் போகும் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே பசிதான், அவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு வருகிறவளுக்கு மதியம் சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வாசலில் கேட்கவே கூடாத கேள்வி "டெஸ்ட்ல எவ்ளோ?" என்பது. யூனிஃபார்மை மாற்றி, கை கால் கழுவி, முதல் இருபது நிமிஷத்துக்குள் உண்மையான சாப்பாடாக ஏதாவது: இரண்டு இட்லி, தயிர்சாதம், அவல். பிறகு வெளியே விளையாட்டு. களைத்த பிள்ளையை எதற்கு ஓட விடுவது என்று தோன்றும், ஆனால் விளையாட்டை வெட்டினால் ராத்திரித் தூக்கம்தான் கெடும். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினசரி சராசரியாக 60 நிமிஷ உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்ளும் மாதம் இது. எனவே அது வீட்டில்தான் கிடைத்தாக வேண்டும்.

வந்ததும் தூங்கிவிட்டால் எழுப்புவதா? ஐந்து மணிக்கு முன்னால் என்றால் இருபது, முப்பது நிமிஷம் விடுங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழுந்து இன்னும் மோசமாக அழுவாள், ராத்திரியும் தள்ளிப்போகும். தினமும் சாயங்காலம் தானாகக் கண் சொருகுகிறது என்றால் ராத்திரித் தூக்கம் போதவில்லை என்றுதான் பொருள், அங்கே சரிசெய்யுங்கள்.

இனி டியூஷன். வாரம் ஆறு நாள், தினமும் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை, 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. எத்தனை பள்ளிகள் அதை மதிக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் மகள் டியூஷனில் மட்டும் அதைப்போல ஆறு மடங்கு உட்காருகிறாள். பரீட்சை வரை டியூஷனை மூன்று நாளாகக் குறைக்கலாம், அல்லது ஆறு நாளும் ஒரு மணி நேரம் என்று வைக்கலாம். இரண்டில் நான் முதலாவதையே சொல்வேன், ஏனென்றால் போய்வரும் நேரமும் மிச்சமாகும். மார்க் போய்விடாதா என்றால், களைத்த பிள்ளை கேள்வி பதிலை ஐந்து தடவை பார்த்து எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததைத் தானாக நினைவுபடுத்திச் சொல்ல வைப்பதுதான் மனத்தில் நிற்கும் முறை. கற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான சில விஷயங்களில் இது ஒன்று. இருபது நிமிஷம் வாய்மொழியாகக் கேள்வி, ஐந்து நிமிஷம் எழுந்து நடப்பது, இன்னொரு இருபது நிமிஷம். ஒன்பது வயதுக்கு ஒரு சாயங்காலத்துக்கு இதுவே நிறைய. வகுப்பு ஆசிரியருக்கு இப்படி எழுதலாம்: "மகள் மிகவும் அசதியாக இருக்கிறாள். பரீட்சை வரை எழுத்து வேலையைப் பாதியாகக் குறைத்து, மீதியை வாய்மொழியாகப் படிக்க வைக்கிறோம். தயவுசெய்து அனுமதிக்கவும்." குற்றம் சொல்லாமல் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களும் இந்த மாதம் அதே அசதியில்தான் இருக்கிறார்கள்.

இப்போது டானிக். குறைபாடு இல்லாத பிள்ளைக்கு மல்டிவைட்டமின் சிரப் களைப்பைப் போக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களில் சர்க்கரைதான் கணிசம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இத்தகைய பானங்களை ஹெல்த் டிரிங்க் பட்டியலில் இருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. வைட்டமின் டி குறைவு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் காணப்படுவது உண்மை, ஆனால் அதைச் சரிசெய்தால் அசதி போகுமா என்பது உறுதியில்லை. செல்போனின் நீல ஒளிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற பேச்சும் கொஞ்சம் மிகைதான். ஒளியைவிட, "இன்னும் ஒரு வீடியோ" என்று படுக்கும் நேரம் தள்ளிப்போவதே பெரிய இழப்பு. எந்தக் காரணமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போன் வேறு அறைக்குப் போக வேண்டும்.

டானிக் விஷயத்தில் இரும்புச்சத்து மட்டும் தனி. ரத்தசோகை நம்மிடையே பரவலானது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை காணப்பட்டது. உங்கள் மகள் வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கீழ் இமையைப் புரட்டிப் பார்ப்பது கடுமையான சோகையைத்தான் காட்டும், லேசானதைக் காட்டாது. அதற்கு ரத்த அணுப் பரிசோதனை வேண்டும், பெரிய செலவில்லை. ஒரு துப்பு வீட்டிலேயே கிடைக்கலாம்: பல்பம், சாக்பீஸ், பச்சை அரிசி, மண், ஐஸ் கட்டி இவற்றில் எதையாவது திருட்டுத்தனமாகத் தின்கிறாளா என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் இது அடிக்கடி உண்டு, கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்த முடியாது. பரிசோதனை செய்யாமல் இரும்பு சிரப் தொடங்க வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் லேசான சோகை இருக்கும், இரும்பு கொடுத்து அது சரியாகாது. மருத்துவர் எழுதித் தந்தால் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு கொடுங்கள், பால், டீயோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாமல் சொன்ன மாதக் கணக்கு முடியும் வரை கொடுக்க வேண்டும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். பாட்டில் கைக்குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இரும்பு மருந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேரீச்சம்பழத்தால் ரத்தம் ஊறும் என்று நம்பி ஆறு மாதம் கடத்துகிறவர்கள் உண்டு. 100 கிராம் பேரீச்சையில் இரும்பு சுமார் 1 மில்லிகிராம், இந்த வயதுக்கு நாளொன்றுக்குத் தேவையோ சுமார் 15. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரை இரும்பு உடலில் சேர்வது குறைவு. ஏற்கனவே வந்த சோகையைத் தனியாக அது தீர்க்காது. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளியில் தரும் 400 மில்லிகிராம் அல்பென்டசோல் பூச்சி மாத்திரையை அவள் விழுங்கினாளா, வகுப்பு முடிந்ததும் துப்பினாளா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எப்போது இது வெறும் களைப்பு இல்லை? தாகம் கூடி, அடிக்கடி சிறுநீர் போய், எடை இறங்கினாலோ, நிறுத்தி வருஷங்களான பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தாலோ அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் அல்லது இருமல், அடிபடாமலே தோலில் கன்றிய நீலத் திட்டுகள், ராத்திரி எழுப்பும் எலும்பு வலி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, இவையெல்லாம் அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டியவை. வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது என்றால் மூக்கின் பின்னால் இருக்கும் சதையோ (அடினாய்டு) டான்சிலோ மூச்சை அடைக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை பத்து மணி நேரம் தூங்கினாலும் அசதியாகத்தான் எழும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது தூங்குவதை அரை நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் விளக்குவதைவிட அது உதவும். கண்ணைச் சுருக்கி போர்டைப் பார்க்கிறாள் என்றால் கண் பரிசோதனை.

திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் காலையில் வயிற்றுவலி, அசதி, லீவு என்று சொன்னதும் பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது என்றால் உடலைவிடப் பயத்தைத் தேடுங்கள். "யாராவது அடிச்சாங்களா?" என்று நேராகக் கேட்டால் இல்லை என்பாள். "வேன்ல உன் பக்கத்துல யாரு உக்காருவா?", "லஞ்ச் யாரோட சாப்பிடுவ?" என்று பக்கவாட்டில் கேளுங்கள். பதில் வராமல் பேச்சை மாற்றும் இடத்தைக் கவனியுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் தூக்கக் கணக்கே முக்கால்வாசி விளக்கிவிடுகிறது, மீதியை ரத்தப் பரிசோதனை சொல்லும். ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியாகாது. பத்து நாள் படுக்கும் நேரம், எழும் நேரம், டப்பாவில் மிஞ்சியது, அழுத நேரம் இந்த நான்கையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். படுக்கும் நேரம் ஒன்பது மணிக்கு வந்த பிறகும் அழுகை குறையவில்லை என்றால் அந்தத் தாளோடு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். குறைந்தால் பரீட்சை வரை அப்படியே ஓட்டலாம். லீவு விட்ட முதல் நாலைந்து நாள் எட்டு, ஒன்பது மணி வரை தூங்கினால் எழுப்பாதீர்கள், பாக்கியை அடைக்கிறாள். ஒரு வாரத்தில் தானாகவே சீக்கிரம் எழ ஆரம்பிப்பாள். அந்த வாரம் முடிந்தும் துவண்டே எழுந்தால் லீவிலேயே பரிசோதனையை முடித்துவிடலாம். சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டுவதென்றால் அதற்குப் பிறகு கட்டுங்கள்.